நீச்சல் தெரிந்தவனுக்கு லைஃப் ஜாக்கெட் எதற்கு?

அக்டோபர் 6, 2024 – தஞ்சாவூர் வாசகரின் கேள்வி

திருவையாற்றில் காவிரியில் நீந்தி வளர்ந்தவன் நான். ஆடிப்பெருக்குத் தண்ணீரிலேயே அக்கரை போய்த் திரும்புவேன். போன வாரம் தரங்கம்பாடியில் தெரிந்தவர் ஒருவர் பைபர் படகில் கடலுக்குள் கூட்டிப்போனார். ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தார். ஒரே மீன் வாடை, போடவில்லை. அங்கிருந்து பார்த்தால் கரை தென்னை மரங்களோடு பளிச்சென்று தெரிகிறது. படகு கவிழ்ந்தால் நீந்தி வந்துவிட மாட்டேனா? ஜாக்கெட்டெல்லாம் நீச்சல் தெரியாதவர்களுக்குத்தானே? மீனவர்களே போடுவதில்லையே.

அக்டோபர் 6, இரவு

வர மாட்டீர்கள்.

நாகப்பட்டினம் பக்கம், படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் கடல் தொழில். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் எனக்குப் படகில்தான் போனது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்தத் தென்னை மரம். படகில் நிற்கும்போது தெரிகிற கரை வேறு, தண்ணீருக்குள் விழுந்தபின் தெரிகிற கரை வேறு. தலை மட்டும் வெளியே இருக்கும்போது உங்கள் கண் தண்ணீருக்கு மேலே ஓர் அடி உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து கடல் மட்டம் 2 கிலோமீட்டர் வரைக்கும்தான் தெரியும், அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆனால் 15 மீட்டர் தென்னையின் உச்சி, வானம் தெளிவாக இருந்தால், 12, 13 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். நம் டெல்டாக் கரையில் மலை கிடையாது, குன்று கிடையாது. எல்லாம் ஒரே தட்டை. தூரத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாததால் தெரிகிற மரமெல்லாம் கிட்டத்தில் இருக்கிற மாதிரியே தோன்றும். மணலும் அதன்மேல் நடக்கிற ஆளும் தெரிந்தால் கரை பக்கம். மரம் தெரிந்து மணல் தெரியாவிட்டால் பல கிலோமீட்டர் இருக்கிறது. மட்டை மட்டும் தெரிந்தால் நினைப்பை விட்டுவிடுங்கள்.

அடுத்தது வேகம். சட்டை, கைலியோடு அலைக்குள் நீந்துகிற சாதாரண ஆள் மணிக்கு 2 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் நீரோட்டமும் அந்த வேகத்தில் தெற்கே இழுக்கும். தரங்கம்பாடியைப் பார்த்து நீந்தினால் தரங்கம்பாடிக்கு வர முடியாது. ஆற்றில் நீரோட்டம் எவ்வளவு இழுத்தாலும் இரண்டு பக்கமும் கரை உண்டு, சற்றுக் கீழே போய் ஏறிக்கொள்ளலாம். கடலில் ஒரு பக்கம்தான் கரை.

ஆகவே முதல் பாடம்: கவிழ்ந்த படகை விட்டு நகராதீர்கள். பைபர் படகில் இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரையோ தெர்மாகோலோ இருக்கும். தலைகீழாகப் புரண்டாலும் மிதக்கும். தேடி வருகிறவர்கள் கண்ணுக்கும் படகின் அடிப்பாகம்தான் படும், ஒற்றைத் தலை படாது. முடிந்தவர்கள் மேலே ஏறிக்கொள்ளுங்கள், முடியாதவர்கள் கயிற்றையோ விளிம்பையோ பிடித்துக்கொள்ளுங்கள், ஏறியவர் ஏறாதவரின் கையை விட வேண்டாம்.

அக்டோபர் 7

ஜாக்கெட் பற்றி நேற்று சொல்ல விட்டுப்போனது. அது நீந்துவதற்கான சாமான் இல்லை. படகு கவிழும்போது விளிம்போ எஞ்சினோ மண்டையில் அடிக்கும். அடிபட்டு மயங்கியவனுக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்? நல்ல ஜாக்கெட் அவனை மல்லாக்கத் திருப்பி வாயைத் தண்ணீருக்கு வெளியே வைக்கும். அப்படித் திருப்ப 100 நியூட்டன் மிதவைத் திறனாவது வேண்டும். 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நினைவோடு இருப்பவருக்கு ஒத்தாசை, அவ்வளவுதான்.

"விழுந்தபின் போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன். பட்டறை வாசலில் நின்று போட்டுப் பாருங்கள், பட்டையைக் கோர்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியும். பிறகு குளத்தில் இறங்கிப் போட்டுப் பாருங்கள்.

அக்டோபர் 7, மாலை

மீனவர்கள் ஏன் போடுவதில்லை? வலை இழுக்கும்போது பக்கிள் வலைக்கண்ணில் மாட்டும். வேர்க்கும். குனிந்து மீன் கழிக்க முடியாது. எல்லாம் உண்மை. கொடுத்த ஜாக்கெட் தலையணையாகக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன், தலையணையாக ரொம்ப நன்றாக இருக்கும். ஆனால் இந்தக் காரணங்களில் எதையும் உங்களால் கடன் வாங்க முடியாது. நீங்கள் வலை இழுக்கவில்லை, செல்ஃபி எடுக்கப் போனீர்கள். அப்புறம், மீனவனும் முங்கிச் சாகிறான். கடலில் பிறந்தவன் என்பதால் கடல் யாரையும் விட்டுவைத்ததில்லை.

என் எண்ணம்: வலை இழுக்கும் நேரம் போக, முகத்துவாரம் தாண்டும்போதும், இரவிலும், தனியாகப் போகும்போதும் தொழிலாளியும் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்டோபர் 9

காரைக்கால் கணக்கு டீச்சர் ஒருவர் என் 2 கிலோமீட்டரைச் சரிபார்த்திருக்கிறார். அலை தூக்கும்போது ஒரு மீட்டர் உயர்ந்தால் இன்னும் கொஞ்ச தூரம் தெரியும் என்கிறார். சரிதான். அலை இறங்கும்போது எதிரே அடுத்த அலையைத் தவிர ஒன்றும் தெரியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பாஸ் மார்க் கொடுத்தார்.

அக்டோபர் 13

"கவிழ்வது எப்போதாவதுதான், எஞ்சின் நின்றுபோவதுதானே அடிக்கடி?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். என் பிழைப்பே அதுதான், ஆனாலும் சொல்கிறேன். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும். வடிகட்டி அடைத்திருக்கும். பிளக் நனைந்திருக்கும். விசிறியில் அறுந்த வலையோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருக்கும். உள்ளே தண்ணீர் இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கிற ரப்பர் இம்பெல்லர் தேய்ந்து, சூடேறி நின்றிருக்கும். பட்டறைக்கு வருவதில் பெரும்பாலானவை இந்த ஐந்துக்குள் அடங்கும். மாற்று பிளக், பிளக் சாவி, ஒரு கத்தி, காய்ந்த துணி, இவ்வளவும் ஒரு டப்பாவில் இருந்தால் பாதிப் படகுகள் தானாகவே கரைக்கு வந்துவிடும். எனக்கு வருமானம் போகும், போகட்டும்.

எஞ்சின் நின்றதும் எல்லோரும் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதிலேயே இருப்பார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நங்கூரம் போடுவது. நீங்கள் மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் படகு எங்கே போகிறது என்பதைக் காற்று முடிவு செய்யும். வாடைக் காற்றென்றால் கரைப்பக்கம் தள்ளும், அலை உடைகிற இடத்தில் கொண்டுபோய்ப் போடும். ஆனி, ஆடியில் அடிக்கிற கச்சான் மேற்கிலிருந்து வரும், அது நடுக்கடலுக்குத் தள்ளும். கோடியக்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: எஞ்சின் இல்லாத படகுக்கு எல்லைக்கோடு தெரியாது. மிதந்து இலங்கைப் பக்கம் போய்விட்டால், நின்ற எஞ்சின் கதையை அங்கே விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

நங்கூரத்தை அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில் கட்டுங்கள். பின்பக்கம் கட்டவே கூடாது. பின்பக்கம் தாழ்வு, எஞ்சின் பாரமும் அங்கேதான், அலை நேராக உள்ளே ஏறிவிடும். கயிறு ஆழத்தைப்போல் 5 மடங்காவது விட வேண்டும். செங்குத்தாகத் தொங்கினால் நங்கூரம் மண்ணைக் கவ்வாது, வெறுமனே இழுபடும்.

ஆழம் அதிகம், நங்கூரம் எட்டவில்லை என்றால்? வாளியையோ, நான்கு மூலையும் சேர்த்துக் கட்டிய தார்ப்பாயையோ, சுருட்டிய வலையையோ கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து விடுங்கள். தண்ணீரில் இழுபட்டுப் படகை அலைக்கு முகம் காட்ட வைக்கும். விலாவில் அலை வாங்குகிற படகுதான் புரளும்.

அக்டோபர் 14

அணியத்திலிருந்து விட்ட வலை தண்ணீரில் கிடக்கும்போதே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது, அந்த வலையே விசிறியில் சுற்றிக்கொள்ளும். இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

அக்டோபர் 20

யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிறார்கள். கடலோரக் காவல் படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. எதுவும் நினைவில்லாவிட்டால் 112. செல்போனைக் குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் கட்டுகிற கவரில் போடாமல், வாய் மூடுகிற தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். டவர் கிடைக்கும்போதே பேசுங்கள், "இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்" என்பதற்குள் டவர் போய்விடும். பேச ஆரம்பித்ததும் முதலில் இடம், அப்புறம் எத்தனை பேர், அப்புறம்தான் என்ன ஆனது. பாதியில் லைன் அறுந்தாலும் இடமாவது போய்ச் சேர்ந்திருக்கும். ஜிபிஎஸ் இருந்தால் அதில் தெரிகிற எண்களை அப்படியே படியுங்கள். "நாகூருக்கு நேர் கிழக்கே" என்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

படகில் விஎச்எஃப் வயர்லெஸ் இருந்தால் 16ஆம் சேனல். உயிர் ஆபத்து என்றால் "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, பிறகு இடம், ஆட்கள், ஆபத்து. எஞ்சின் நின்றிருக்கிறது, உடனடி உயிராபத்து இல்லை என்றால் "பான் பான்". சும்மா அரட்டைக்கு அந்தச் சேனலைப் பிடித்து வைத்துக்கொள்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த இழை பூட்டப்படும்.

இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி, டாட் என்பார்கள், அதற்கு டவர் வேண்டாம். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல் படைக்கு இடத்தோடு செய்தி போகும். பழையதில் அழுத்தியபின் யாருக்காவது போனதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறைக் கருவியில் "செய்தி கிடைத்தது" என்று பதிலும் வரும். என்னைக் கேட்டால் அந்தப் பதில்தான் பெரிது. உதவி வருகிறது என்று தெரிந்தவன் படகை விட்டு நீந்திப் போக மாட்டான்.

அக்டோபர் 21

மேலே எழுதியதெல்லாம் கருவி. கருவி இல்லாத ஊரிலும் ஒன்று நடக்கும்: எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. திரும்பாவிட்டால் தேட ஆளிருக்க வேண்டுமே. "வீட்டில் சொன்னால் விடமாட்டாள்" என்பவர்கள் டீக்கடையிலாவது சொல்லுங்கள். டீக்கடையில் பாக்கி இருந்தால் இன்னும் நல்லது, கட்டாயம் தேடுவார்.

அக்டோபர் 27

பழையாறு அண்ணன் ஒருவர் நீளமாக மறுத்து எழுதியிருக்கிறார். கொள்ளிடம் முகத்துவாரத்தில் தொழில் செய்கிறவர். "படகை விடாதே என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதே, முகத்துவாரத்தில் படகே ஆளைக் கொல்லும்" என்கிறார். அவர் சொல்வது சரி, அதனால் விரித்து எழுதுகிறேன்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் மேடு கட்டும். கொள்ளிடமோ, பூம்புகாரில் காவிரியோ, காரைக்கால் அரசலாறோ, நாகூர் வெட்டாறோ, எங்கும் இதே கதைதான். மேடு ஒரே இடத்தில் நிற்காது, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நகரும், போன மாதம் போன வழி இந்த மாதம் இருக்காது. ஆழத்தில் வழுவழுவென்று வந்த அலை அந்த மேட்டில் கால் தட்டி எழும்பி உடையும். ஆற்று வெள்ளம் வெளியே தள்ள, கடல் அலை உள்ளே தள்ள, இரண்டும் மோதினால் அலை இன்னும் செங்குத்தாக நிற்கும். அங்கே கவிழ்ந்தால் படகு சும்மா மிதக்காது. அடுத்த அலை அதைத் தூக்கி உங்கள் மேல் எறியும். ஆகவே அலை உடைகிற இடத்தில் படகின் கரைப்பக்கம் நிற்கவே கூடாது. கடல் பக்கமாகப் போய்விடுங்கள், படகு உங்களைவிட்டுக் கரையை நோக்கிப் போகட்டும். அங்கே பிடித்துத் தொங்க வேண்டாம், விலகுங்கள். ஜாக்கெட் போட்டிருந்தால் அந்த அலையே உங்களைக் கரைக்குக் கொண்டுவரும்.

உள்ளே வரும்போது வெளியிலேயே நின்று அலையைப் பார்க்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஒரு தணிவு வரும். கடைசிப் பெரிய அலையின் முதுகில் ஏறிக்கொண்டு அதன் வேகத்திலேயே வர வேண்டும். முந்தினாலும் ஆபத்து, பின்தங்கி அடுத்ததிடம் மாட்டினாலும் ஆபத்து. ஏலத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்பட்டுத்தான் அங்கே நிறையக் கவிழ்கிறது என்கிறார். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

தீப்பிடித்தாலும் படகை விட வேண்டியதுதான். காற்று வருகிற பக்கமாக விலகுங்கள், எரிகிற எண்ணெய் மறுபக்கம் போகும்.

நவம்பர் 3

கொஞ்சம் வேறு பேச்சு. நம் கரையின் இரண்டு பெரிய தலங்களுக்கும் படகு ஆபத்துக் கதை ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களா? புயலில் மாட்டிய போர்த்துகீசிய மாலுமிகள் உயிர் பிழைத்துக் கரையேறி, நன்றிக் கடனாக வேளாங்கண்ணியில் கோயில் கட்டினார்கள் என்பது அங்கே சொல்லும் வரலாறு. கரையேறிய நாள் செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். நாகூரில், சவரம் செய்துகொண்டிருந்த ஷாகுல் ஹமீது ஆண்டவர் கையிலிருந்த கண்ணாடியை வீசினார், அது போய் நடுக்கடலில் மூழ்கிக்கொண்டிருந்த கப்பலின் ஓட்டையை அடைத்தது என்பார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாரா 131 அடி. இன்றும் கடலிலிருந்து திரும்புகிறவனுக்கு நாகூர் எங்கே என்று அது சொல்லும்.

ஓட்டை விழுந்தால் நமக்குக் கண்ணாடி வராது. கைலியைச் சுருட்டித் திணியுங்கள், மேலே காலை வைத்து அழுத்துங்கள், தண்ணீரை இறைத்துக்கொண்டே இருங்கள். ஓட்டை இருக்கிற பக்கம் மேலே வரும்படி ஆட்கள் மறுபக்கம் நகர்ந்து உட்காருங்கள்.

நவம்பர் 4

ஆனால் கண்ணாடியை எடுத்துப்போங்கள். சட்டைப்பையில் அடங்குகிற முகம் பார்க்கும் கண்ணாடி. வெயிலில் அதைத் திருப்பித் திருப்பி அடித்தால் பல கிலோமீட்டருக்கு மின்னும், ஹெலிகாப்டர்காரர் கண்ணில் முதலில் அதுதான் படும். இரவில் டார்ச். விசில் ஒன்று, கத்தினால் தொண்டைதான் போகும். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலே தூக்கி இறக்குவது உதவி கேட்கும் சைகை. ஒரு கையை ஆட்டினால் டாட்டா காட்டுகிறீர்கள் என்று நினைத்து அவரும் ஆட்டிவிட்டுப் போவார்.

நவம்பர் 10

இரவு முழுக்கத் தண்ணீரில் இருக்க நேர்ந்தால்? வங்கக் கடல் வெதுவெதுப்புதான், 28 டிகிரி. ஆனாலும் உடம்பு 37. விடியும்போது பல் தந்தியடிக்கும். ஜாக்கெட் இருந்தால் முழங்காலை நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொள்ளுங்கள், பல பேர் என்றால் ஒட்டி நில்லுங்கள். சட்டையைக் கழற்ற வேண்டாம், பகலில் வெயிலுக்கும் அதுதான் காப்பு.

கடல் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. ஒரு லிட்டரில் 35 கிராம் உப்பு. அந்த உப்பை வெளியேற்ற உடம்பு குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் செலவழிக்கும்.

ஜாக்கெட்டே இல்லாவிட்டால் மூடி போட்ட காலி கேன். தண்ணீருக்குள் மனிதனின் எடை சில கிலோதான், தலையை மேலே வைக்க 10 லிட்டர் கேன் ஒன்று தாராளம். அக்குளில் இடுக்கி, கயிற்றால் உடம்போடு கட்டிவிடுங்கள். கை சோர்ந்துபோகும், கயிறு சோராது.

நவம்பர் 26

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாகிவிட்டது. வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மழை விடவில்லை. படகெல்லாம் மேட்டில். பட்டறையில் எஞ்சின்களை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 30

அந்தத் தாழ்வு மண்டலம் ஃபெஞ்சல் புயலாகிப் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யத்தில் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு நவம்பரும் இப்படித்தான் இருக்கும்.

மழையில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் அனுப்பிய கேள்வி: "புயலென்றால் கரைக்கு ஓட வேண்டும், சுனாமிக்கும் அப்படித்தானா?" நேர் எதிர். 2004 டிசம்பர் 26 காலையில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அலை அவர்களுக்கு அடியில் சும்மா கடந்துபோனது. கரைக்கு வந்தபின்தான் ஊரே இல்லை என்று பார்த்தார்கள். சுனாமி எச்சரிக்கை வரும்போது ஆழத்தில் இருந்தால் துறைமுகத்துக்கு வரக் கூடாது, இன்னும் ஆழத்துக்குப் போய், வரலாம் என்று அறிவிக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். புயலுக்கோ, கூண்டு ஏற்றும் முன்பே கரையில் இருக்க வேண்டும்.

டிசம்பர் 8

தஞ்சாவூர்க்காரர் திரும்ப வந்திருக்கிறார். ஜாக்கெட் வாங்கிவிட்டாராம், குடும்பத்தோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகப் போகிறாராம். "அங்கே ஆழமே இல்லையே, அதற்கும் போட வேண்டுமா?"

போட வேண்டும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர் இறந்தது கடலில் இல்லை, ஏரியில். விலங்கு பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர் போனதும் கழிமுகத்தில்தான், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய மாடிப் படகு. மேல்மாடியில் ஆள் கூடினால் படகு தலைகனத்துவிடும், கீழே இருப்பவர்களுக்கு வெளியேற வழியும் இருக்காது. மூடிய படகென்றால் வாசல் பக்கம் உட்காருங்கள்.

முத்துப்பேட்டைக் காயலில் ஆழம் இடுப்பளவு என்பது உண்மை. அடியில் சேறு. நின்றால் கால் புதையும், இழுக்க இழுக்க இன்னும் புதையும். விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காமல் மல்லாக்கப் படுத்து மிதந்தபடி படகின் விளிம்பைப் பிடியுங்கள்.

பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டை மாட்டிவிடாதீர்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் தண்ணீரில் கழன்றுவிடும். இரண்டு காலுக்கு நடுவே போகிற பட்டை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மீன் வாடை அடித்தால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் போட வேண்டாம்.